நார்த்தாமலைப் பானையில் ஸ்பெயின் காசுகள்

திருச்சி விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் கைப்பையைத் திறந்து உள்ளங்கை அளவு தராசை வெளியே எடுத்தார். "இது எதுக்கும்மா?" என்றார். "பழைய காசு எடை போட" என்றேன். "காசு எங்க இருக்கு?" என்று கேட்டார். "இனிமேல்தான் பார்க்கணும்" என்றேன். அவர் தராசைத் திருப்பிக் கொடுத்தார். உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் வெளியே வரும்போது தராசைப் பையின் அடியில் தள்ளி வைத்துக்கொண்டேன்.

நான் மலேசியாவில், பினாங்கில் பிறந்தவள். அப்பா கீரனூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். ஒரு சீனரின் பழைய நாணயக் கடையில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் சித்தப்பா மகன் பழனிவேல் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். தங்கக் காசு. ஒரு பக்கம் சுருள்முடி வைத்த ராஜா, மறுபக்கம் கேடயம். "அக்கா, இது எந்த நாட்டுக் காசு? யார்ட்டயும் சொல்லாதீங்க" என்று கீழே எழுதியிருந்தான். ஸ்பெயின் காசு என்று பதில் போட்டேன். அடுத்த வாரமே எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். முதலாளியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி விடுப்புக் கேட்டேன். கிளம்பும்போது அவர் தன் ஹொக்கியன் சீன மொழியில் சொன்னது இதுதான்: "பார்த்துவிட்டு வா. எதையும் கையில் வாங்கி வராதே."

பழனிவேல் சவூதியில், தமாமில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பி, கீரனூரில் கடை வைத்திருக்கிறான். பழைய மாருதி காரில் அழைக்க வந்திருந்தான். என்னைவிடப் பதினொரு வயது இளையவன். சின்ன வயதிலிருந்து கலகலப்பாகப் பேசுகிறவன் அன்று பேசவேயில்லை. மாத்தூர் தாண்டியதும், "வீட்ல தமிழரசிட்ட எதுவும் கேக்காதீங்கக்கா. அவளுக்குப் பாதிதான் தெரியும்" என்றான்.

வீட்டில் தமிழரசி இடியாப்பமும் முட்டை மாஸும் செய்து வைத்திருந்தாள். அவித்த முட்டையைத் துண்டு போட்டு மசாலாவில் புரட்டும் அந்தக் குழம்பு புதுக்கோட்டைப் பக்கத்தில்தான் அந்த ருசியில் கிடைக்கும். பினாங்கில் நானும் செய்து பார்த்திருக்கிறேன், வந்ததில்லை. அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சாப்பாடு போட்டுக்கொண்டே, "நெலத்த வித்துப்புட்டாரு அண்ணி, தெரியுமா?" என்றாள். பழனிவேல் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து அந்தக் காசை எடுத்து என் கையில் வைத்தான். இரண்டு எஸ்குடோ என்கிற பழைய ஸ்பெயின் தங்கக் காசு. எடை ஒரு பவுனுக்கு ஒன்றேகால் கிராம் குறைவு. லென்ஸில் பார்த்தேன். ராஜாவின் மூக்கு நுனியும் நெற்றியும் தேய்ந்திருந்தன. பின்பக்கம் பெரிய எம் எழுத்தின் தலையில் குட்டி ஓ. மெக்ஸிகோ அச்சுச்சாலையின் குறி அது. சந்தேகமே இல்லை, உண்மையான காசு. ஓரத்தில், ராஜாவின் தலைக்கு நேர் மேலே, ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. எப்போதோ வளையம் பற்றவைத்து, பிறகு அதை அராவி எடுத்த தடம்.

"எங்க கிடைச்சுது?"

"நார்த்தாமலைக்கு அங்கிட்டு குவாரில குழி தோண்டுறப்ப பானை கெடச்சிருக்கு. பானை நெறைய இதே காசு. அவங்களுக்கு விக்கத் தெரியல. சேகர்னு ஒருத்தர் நடுவுல பேசுறாரு. நம்பிக்கைக்கு இத எங்கிட்டயே குடுத்து வச்சிருக்காரு."

"புதையல் கிடைச்சா கலெக்டர்கிட்ட சொல்லணுமே."

"சொன்னா அரசாங்கம் எடுத்துக்கும். நமக்கு என்ன மிஞ்சும்?"

எனக்கு அந்தப் பானை மேல் சந்தேகம் வந்தது. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து மலாய்க்காரர்கள் பழைய ஸ்பெயின் வெள்ளிக் காசைப் பீரங்கி ரிங்கிட் என்பார்கள். அதிலிருக்கும் இரண்டு தூண்கள் அவர்கள் கண்ணுக்குப் பீரங்கியாகத் தெரிந்திருக்கின்றன. எங்கள் நாட்டுப் பணத்துக்கு ரிங்கிட் என்ற பெயரே அந்தக் காசின் பல் வைத்த ஓரத்தால் வந்ததாகச் சொல்வார்கள். அமெரிக்கச் சுரங்கங்களில் அந்த ஊர் மக்களை வதைத்து எடுத்த உலோகம் மெக்ஸிகோவில் காசாகி, மணிலாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து சீனாவுக்கும் பினாங்குக்கும் சென்னைக்கும் பரவியது. நிலக்கடலைக்கு மணிலாக் கொட்டை என்ற பேர் நம் ஆட்கள் வாயில் வந்ததும் அந்தத் துறைமுகத்தை வைத்துத்தான். ஆனால் அப்படி வந்தது பெரும்பாலும் வெள்ளி. தங்கம் அபூர்வம். வந்த தங்கத்தையும் உருக்கி நகையாக்கிவிடுவார்கள். ஒரே மாதிரித் தங்கக் காசு ஒரு பானை நிறைய நார்த்தாமலையில் கிடைப்பது நடக்காத காரியமில்லை. ஆனால் என் முப்பது வருடத்தில் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் பானையைப் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் சேகர் போன் செய்து, இன்றைக்கு வேண்டாம், நாள் சரியில்லை என்றார். சும்மா இருக்க வேண்டாம் என்று பழனிவேல் என்னைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனான். குகையின் விதானத்தில் தாமரைக் குளத்தைப் பார்த்தேன். மீன், யானை, பூப்பறிக்கும் ஆள். மனம் பதியவில்லை. சமணர் படுக்கைகளைப் பார்க்கப் பாறையில் ஏறும்போது, கீழே எங்கள் கார் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதைக் கவனித்தேன். அதில் இரண்டு பேர். எங்களைத் தவிர வேறெதையும் அவர்கள் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அன்னவாசல் தாண்டி டயர் பஞ்சரானது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. வெயிலில் நின்றோம். இரு பக்கமும் கருவேலங்காடு. அதே மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து நின்றது. ஓட்டியவன் இறங்கி, தானே டயரைக் கழற்றி எடுத்துப் போய், அரைமணியில் ஒட்டிக்கொண்டு வந்து மாட்டினான். பழனிவேல் பணம் நீட்டியதற்கு, "வேணாண்ணே. சேகரண்ணன் அக்காவப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னாரு" என்றான். பினாங்கில் இப்படி உதவுகிறவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பேன். அன்று நன்றிகூடச் சொல்லாமல் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் சேகரே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. "அக்கா, போன அமத்திக் குடுத்துருங்க. தப்பா நெனைக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்று இரண்டு போன்களையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அவர் காரில் போனோம். நார்த்தாமலைக் குன்றுகள் வலப்பக்கம் வந்தன, பிறகு பின்னால் போயின. தார்ச்சாலை முடிந்து மண்பாதை. வழியெல்லாம் அவர் என் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார். "காசுல இந்தியான்னு போட்டிருக்குதாமே, படிச்சவங்க சொன்னாங்க" என்றார். லத்தீனில் 'இந்த்' என்று சுருக்கி எழுதியிருப்பது அமெரிக்காவை, நம் இந்தியாவை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

கைவிட்ட குவாரி அது. நாலு பனை ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்திருந்தார்கள். அடியில் பச்சைத் தண்ணீர். விளிம்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மூன்று பேர். ஒருவன் கடப்பாரையைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தரையில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கோழி இறகும். நடுவில் சிவப்புத் துணி சுற்றிய பானை. முந்தின நாள் டயர் மாட்டியவன் வெளியே நின்று கதவை இழுத்து மூடினான்.

சேகர் ஒரு பலகையை என் முன்னால் போட்டு, பத்துப் பன்னிரண்டு காசுகளை எடுத்து வைத்தார். ஈர மண் ஒட்டியிருந்தது. நான் முதல் காசைத் துடைத்து லென்ஸை வைத்தேன். தேய்ந்த மூக்கு, தேய்ந்த நெற்றி. தலைக்கு நேர் மேலே அந்தத் தழும்பு. இரண்டாவதை எடுத்தேன். அதே தழும்பு. மூன்றாவது. அதே இடம், அதே அளவு. நாலாவதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பழனிவேலிடம் இருக்கும் உண்மையான காசை அச்சாக வைத்து வார்த்து, பித்தளைக்கு முலாம் பூசியிருக்கிறார்கள். அந்தத் தழும்பையும் சேர்த்தே வார்த்துவிட்டார்கள்.

தெரிந்த அந்த நொடியில் என் முகம் மாறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தால் அவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, எடுக்காமலே ஐந்தாவது, ஆறாவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டேன். பக்கத்தில் பழனிவேலின் மூச்சு கேட்டது.

"எடை போடலையாக்கா?" என்றார் சேகர்.

தராசில் வைத்தேன். இருக்க வேண்டியதில் பாதிதான் காட்டியது. அவர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். அது என்னவாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரியாதது போல் இருந்தார்.

"சரியா இருக்கா?"

கடப்பாரைக்காரன் எழுந்து நின்றான். நான் பழனிவேலைப் பார்த்தேன். கோவில் சந்நிதியில் நிற்கிறவன் போல் நின்றிருந்தான்.

"சரியா இருக்கு. உண்மையான ஸ்பெயின் காசு" என்றேன்.

பழனிவேல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். சேகர் என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். பிறகு தன் போனை எடுத்து, "அதயே இதுல ஒரு தடவ சொல்லிருங்கக்கா. உங்க பேரு, என்ன வேல பாக்குறீங்க, எல்லாம்" என்றார். சொன்னேன். முகம் தெரிய, பெயர் சொல்லி, முப்பது வருட அனுபவம் சொல்லி, பித்தளையைத் தங்கம் என்றேன். என் குரல் எனக்கே வேறொருத்தியின் குரல் போலக் கேட்டது.

வீட்டில் எங்களை இறக்கிப் போன்களைத் திருப்பிக் கொடுத்த சேகரின் கார் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்து, தமிழரசியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பழனிவேல் முழுதும் கேட்டான்.

"அப்பறம் அங்க வச்சு ஏன் நெசம்னு சொன்னீங்க?"

"உசுரோட திரும்பி வரணும்னு."

"அங்க ஒன்னு சொல்றீங்க, இங்க ஒன்னு சொல்றீங்க. எத நம்புறது?" அவன் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. "உங்க மொதலாளிக்கு வேணும்னு நெனைக்கிறீங்களாக்கா? என்னைய வெலக்கிட்டு அவரு வாங்கிக்கப் போறாரா?"

நான் தூக்கி வளர்த்த பிள்ளை இல்லை என்றாலும், என் அப்பா இறந்தபோது தமாமிலிருந்து பினாங்குக்குப் பறந்து வந்து கொள்ளி வைத்தவன் அவன். நாளைப் பிற்பகல் பணத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், யார் தடுத்தாலும் போவேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

தமிழரசி மட்டும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணி, ஒரு காசுல தழும்பு இருக்கலாம். எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்க வழியே இல்லையா?"

"இல்லம்மா."

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போவது போல் அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். நான் கடைக்குப் போவது போல் பின்னால் உட்கார்ந்தேன். காசு இருந்த மாத்திரை டப்பாவை அவள் இடுப்பில் செருகியிருந்தாள். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டேயிருந்தது. "திரும்பாதீங்கண்ணி" என்றாள். குளத்தூர்ப் பிரிவில் அது எங்களைக் கடந்து போனது. பின்னால் தீவன மூட்டை கட்டிய யாரோ ஒரு பெரியவர்.

காவல் நிலையத்தில் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் காசைக் கையில் வாங்கியதும் யாருக்கோ போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு படம் வந்தது. திருமயம் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டில் களவு போன நகை. கல்யாணக் கோலத்தில் ஒரு பெண், கழுத்தில் காசுமாலை, காசு ஒவ்வொன்றிலும் சுருள்முடி ராஜா, ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு வளையம். பர்மாவில் வியாபாரம் செய்த குடும்பமாம். எந்தத் துறைமுகத்தில் அந்தக் காசுகளை வாங்கினார்களோ. ஒருவேளை பினாங்காகவே இருக்கலாம்.

பழனிவேலை வரவழைத்தார்கள். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். எங்கள் இருவர் பக்கமும் திரும்பவேயில்லை. பிறகு இன்ஸ்பெக்டரிடம், "நான் போகலைன்னா அவங்க தப்பிச்சுருவாங்க மேடம். நானே போறேன்" என்றான்.

பணம் வைக்க வேண்டிய பையில் பழைய செய்தித்தாள்களை வைத்து அவனை அனுப்பினார்கள். மாற்று உடையில் போலீஸார் இரண்டு வண்டிகளில் இடைவெளி விட்டுப் போனார்கள். நானும் தமிழரசியும் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரோ டீ கொடுத்தார்கள், ஆறிப்போனது. அந்தப் பச்சைத் தண்ணீர் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தமிழரசி தன் நர்ஸ் கைக்கடிகாரத்தில் என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சும்மா வைத்திருக்க அவளால் முடியவில்லை. மூன்று மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. நாலு மணிக்குப் பிறகு வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார்கள். அங்கிருந்த ஏட்டு எங்களைப் பார்த்து, "ஆளு நல்லாருக்காரும்மா" என்றார். அப்போதுதான் தமிழரசி அழுதாள்.

மூன்று பேர் பிடிபட்டார்கள். சேகர் இல்லை. பாறை வழியாக இறங்கி ஓடிவிட்டாராம்.

எனக்கு அதோடு முடியவில்லை. பிடிபட்ட ஒருவனின் போனில், சேகர் எடுத்த என் வீடியோ இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை எனக்கே போட்டுக் காட்டினார். "ரொம்பத் தெளிவாத்தான் சொல்றீங்க" என்றார். அதை ஏற்கெனவே, அவர்கள் வலையில் இருந்த வேறு இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தார்களாம். என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரி, காசு விற்கும் கடையில் வேலை, கையில் தராசு. என்னை நானே எதிரில் உட்கார வைத்து விசாரித்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இரண்டு நாள் காலையில் போய் மாலையில் வந்தேன். ஒரு பரோட்டாவைப் பிய்த்து வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் அதற்கு ஈடான ரொட்டிச் சானாயையும் பருப்புக் குழம்பையும் நினைத்துக்கொண்டிருந்தேன். போலீஸுக்கு முதலில் போனது நாங்கள்தான் என்பதும், கைப்பற்றிய காசுகளின் எடையை அவர்களே போட்டுப் பார்த்ததும்தான் என்னைக் காப்பாற்றின.

அந்தக் காசுமாலைக்கு உரிய பெண் சென்னையிலிருந்து வந்தார். படத்தில் மணப்பெண்ணாக இருந்தவர், இப்போது எழுபது வயது. அந்த ஒற்றைக் காசை மேஜையில் வைத்தார்கள். "ராசா காசு" என்றார். மற்றவை எங்கே என்று கேட்டார். உருக்கியிருப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த அம்மா தலையசைத்தார். காசைத் தொடலாமா என்று கேட்டு, ஒரு விரலால் தொட்டார். வழக்கு முடியும்வரை அது நீதிமன்றத்தில் இருக்கும் என்று சொல்லி, உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள்.

விற்ற நிலம் திரும்பி வரவில்லை. ஆனால் விற்ற பணம் வங்கியில் அப்படியே இருந்தது. சேகர் வெளியே இருக்கும்வரை கீரனூரில் இருக்க வேண்டாம் என்று, தமிழரசியின் அம்மா ஊரான குன்றாண்டார்கோவிலுக்குப் போக முடிவு செய்தார்கள். கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டும்போது பழனிவேல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். ஒரு வாரத்தில் அவனுக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது. எனக்கும்தான்.

பாஸ்போர்ட் கிடைத்த மறுநாள் அவன்தான் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனான். காவல் நிலையத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவன் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மாத்தூர் வந்ததும் வண்டியை ஓரங்கட்டினான். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான்.

"அக்கா, அன்னைக்கு கொட்டகையில வச்சே போலின்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அவங்க நம்மள விட்டிருக்க மாட்டாங்க."

"அவங்கள விடுங்க." அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான்தான் மொதல்ல சொல்லியிருப்பேன். சேகர்ட்ட, அக்கா நமக்கு வேணாம், அவங்கள இங்கயே விட்டுட்டு நம்ம பேசலாம்னு சொல்லியிருப்பேன். அந்த நேரத்துல நான் அப்பிடித்தான் இருந்தேன்."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவன் மறுபடி வண்டியைக் கிளப்பினான். விமான நிலைய வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். நான்தான் பிடித்தேன். இரண்டு பேர் கையும் சில்லிட்டிருந்தது.